பிரிட்டன் விருந்தாளிக்கு எதைப் பரிமாறுவது?

1939 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில், தன் குன்றுமேல் வீட்டின் முன்புறம், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் அரசி எலிசபெத்துக்கும் திறந்தவெளி விருந்து வைத்தார். அரியணையில் இருக்கும் பிரிட்டிஷ் மன்னர் ஒருவர் அமெரிக்காவுக்கு வந்தது அதுவே முதல் முறை. ஹாம், வான்கோழி, ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக் எல்லாம் இருந்தன. கூடவே ஹாட் டாக்கும் இருந்தது. அரச தம்பதிக்கு ஹாட் டாக் கொடுத்தால் நாட்டின் மதிப்பு என்ன ஆகும் என்று பலர் கவலைப்படுவதை எலினார் ரூஸ்வெல்ட் தன் பத்திரிகைப் பத்தியில் முன்கூட்டியே எழுதியிருந்தார். மன்னரோ ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். மறுநாள் செய்தித்தாள்களில் அதுதான் தலைப்பு.

இன்று அந்த விருந்தை அப்படியே வைத்தால் எந்த விருந்தாளியும் வியக்கமாட்டார். கே.எஃப்.சி.யின் முதல் பிரிட்டன் கடை 1965இல் பிரெஸ்டன் நகரில் திறந்தது. மெக்டொனால்ட்ஸ் 1974இல் லண்டனின் வூலிச் பகுதிக்கு வந்தது. 2013 ஜூலையில் ஃபைவ் கைஸும் ஷேக் ஷாக்கும் ஒரே வாரத்தில் லண்டனில் கடை விரித்தன. பர்கர், பொரித்த கோழி, பஃபலோ விங்ஸ், சிகாகோ பாணித் தடிமனான பீட்சா எல்லாம் பிரிட்டிஷ்காரர் தெருமுனையிலேயே தின்று பழகியவை. ஏழெட்டு மணி நேரம் கடல் தாண்டிப் பறந்து வருகிறவருக்கு மறுபடியும் அவற்றையே வாங்கிக் கொடுப்பது விருந்தோம்பலில் சேராது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? ‘லண்டனில் கிடைக்காதது எதுவோ அது’ என்பது வழக்கமான பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் விசித்திரத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் விருந்து வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துவிடும். அமெரிக்க வட்டார உணவுகள் பலவற்றில் பிரிட்டனின் கை நேராகவோ மறைவாகவோ இருக்கிறது: குடியேறியவர்கள் கொண்டுபோன பண்டம், காலனி ஆட்சி நட்ட பயிர், ராணுவம் விரட்டியடித்த மக்கள். அவற்றை வேறு மக்கள் எடுத்து, வேறு மண்ணில் வேறொன்றாக ஆக்கியிருக்கிறார்கள். விருந்தாளிக்கு முதலில் காட்ட வேண்டியது அந்த வரிசை என்பதே இக்கட்டுரையின் கருத்து. தொடர்பே இல்லாதவற்றில் சிலவற்றையும் விடக்கூடாது. அவை பின்னால் வருகின்றன.

மிக எளிய உதாரணம் மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பத்தில் இருக்கிறது. 1840களில் அங்கே செம்புச் சுரங்கங்கள் திறந்தபோது, கடினப் பாறையைக் குடையத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் கிளம்பி வந்தார்கள். கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வகைக் கிழங்கு இவற்றை மாவுக்குள் வைத்து மடித்துச் சுடும் பேஸ்டியும் அவர்களோடு வந்தது. பிறகு ஃபின்லாந்துக்காரர்கள் பெருந்தொகையாக அதே சுரங்கங்களுக்கு வந்து, அதைத் தங்கள் சாப்பாடாகவே ஆக்கிக்கொண்டார்கள். இன்று அப்பகுதியின் நெடுஞ்சாலை ஓரங்களில் பேஸ்டிக் கடைகள் தென்படுகின்றன. தேவாலயங்கள் நிதி திரட்டப் பேஸ்டி சுட்டு விற்கின்றன. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்னிஷ் பேஸ்டிக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. உள்ளே என்னென்ன இருக்கலாம், ஓரத்தை எங்கே மடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் விதி. மிச்சிகனில் அந்த விதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. கேரட் போடுவார்கள், மேலே கெட்சப் ஊற்றுவார்கள். கார்ன்வாலிலிருந்து வந்தவர் அதிர்ந்துபோவார். ஆனால் தன் ஊர்ப் பண்டம் ஒன்று 170 ஆண்டுகளுக்கு மேலாக ஏரிக்கரைப் பனியில் தானாக வாழ்ந்து வருவதை நேரில் பார்ப்பதைவிடச் சிறந்த அறிமுகம் கிடையாது.

பாஸ்டனின் அவித்த பீன்ஸ் இதற்கு நேர் எதிரான பயணம் போனது. 1886இல் ஹைன்ஸ் நிறுவனத்தின் பீன்ஸ் டப்பாக்கள் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடைக்குப் போயின என்று சொல்லப்படுகிறது. அங்கிருந்து பிரிட்டிஷ் காலை உணவுக்குள் நுழைந்து, தங்களுடையது என்று அவர்கள் நம்பும் அளவுக்கு ஒட்டிக்கொண்டன. பாஸ்டன் வகையில் தக்காளிச் சாறு மேலோங்குவதில்லை. சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கறுத்த கரும்புப் பாகும், உப்பிட்ட பன்றிக் கொழுப்பும், கடுகும் சேர்த்து மண்பானையில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அந்தப் பாகு கரீபியன் தீவுகளின் அடிமைத் தோட்டங்களிலிருந்து பாஸ்டனுக்கு வந்து, ரம் சாராயமாகவும் மாறியது. ஓய்வுநாளில் சமைக்கக் கூடாது என்று இருந்த பியூரிட்டன் குடும்பங்கள் சனிக்கிழமையே பானையை அடுப்பில் ஏற்றின. நீராவியில் வேகவைத்த பழுப்பு ரொட்டியோடு இதைச் சாப்பிட வேண்டும்.

கென்டக்கியின் ஓவன்ஸ்பரோ நகரத்துக்கு வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் போவதில்லை. போக வேண்டும். செம்மறியாட்டு முதிர்கறியை நாடு முழுக்க ஒதுக்கிவிட்டார்கள்; இந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் அதுவே பார்பிக்யூவின் தலைவன். கம்பளிக்காக வளர்த்த ஆடுகளுக்கு வயதானபோது கறி கெட்டியாக இருந்தது. ஹிக்கரி விறகின் புகையில் பல மணி நேரம் வாட்டினால்தான் மெத்தென்று ஆகும். மேலே ஊற்றும் கறுப்புச் சாறு வூஸ்டர் சாஸையும் வினிகரையும் அடிப்படையாகக் கொண்டது. ஒரு காலத்தில் பிரிட்டனின் அன்றாடக் கறியாக இருந்த மட்டன், அங்கே ஆட்டுக்குட்டிக் கறிக்கு இடம் கொடுத்து ஒதுங்கிவிட்டது. இங்கிலாந்தின் சொந்தச் சாஸோடு கென்டக்கியில் அதைத் தின்பது விருந்தாளிக்குப் பழைய உறவைச் சந்தித்தது மாதிரி இருக்கும்.

ஆனால் பிரிட்டிஷ் விருந்தாளி நின்று நிதானித்துச் சாப்பிட வேண்டிய இடம் தென் கரோலினாவின் தாழ்கரை. சார்ல்ஸ்டனைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெல் சாகுபடி தொடங்கியது. நிலம் பிரிட்டிஷ் காலனிக்குச் சொந்தம். உழைப்பு, மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளுடையது. கடல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு மதகு திறந்து வயலுக்கு நன்னீர் பாய்ச்சும் முறையில் அவர்களுடைய அறிவு கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அரிசி பிரிட்டிஷ் கப்பல்களில் ஏறியது. தோட்ட முதலாளிகள் பெரும் செல்வந்தர்கள் ஆனார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்ததாலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கியதாலும், கரோலினா கோல்ட் என்ற அந்த நெல் வணிகச் சாகுபடியிலிருந்து மறைந்தது. 1980களில் சவானாவின் கண் மருத்துவர் ரிச்சர்ட் ஷல்ஸ் அரசு வேளாண் துறையின் விதைச் சேமிப்பிலிருந்து விதை வாங்கி விதைத்தார். 1998இல் கிளென் ராபர்ட்ஸ் தொடங்கிய ஆன்சன் மில்ஸ் அதை மறுபடி சமையலறைகளுக்குக் கொண்டுவந்தது.

அந்த அரிசியில் சமைத்த ஹாப்பின் ஜான் பார்ப்பதற்குச் சாதாரணம். காராமணி இனப் பயறு, அரிசி, புகையில் வாட்டிய பன்றிக்கறித் துண்டு, அவ்வளவுதான். பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. புத்தாண்டு நாளில் இதைத் தின்றால் அந்த ஆண்டு நன்றாக அமையும் என்பது தென்மாநிலங்களின் நம்பிக்கை. நல்ல கைப்பக்குவத்தில் அரிசி பருக்கை பருக்கையாக உதிர்ந்திருக்கும். பயறு வெந்த நீரிலேயே அரிசியும் வேகுவதால் மண்ணின் மணம் ஒன்று அதில் இறங்கியிருக்கும். இதோடு கலா கீச்சி மக்களின் சிவப்பு அரிசியையும் கேட்டு வாங்க வேண்டும். கரையோரத் தீவுகளில் வாழும் அடிமைகளின் வழித்தோன்றல்கள் அவர்கள். தக்காளியில் வெந்த அந்தச் சோற்றுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொலாஃபுக்கும் உள்ள உறவு, லண்டனின் பெக்கம் பகுதியில் நைஜீரியர் கடையில் சாப்பிட்டவருக்கு முதல் வாயிலேயே தெரியும்.

அதே கரையில் கன்ட்ரி கேப்டன் என்று ஒரு கோழிக்கறி உண்டு. கறிமசாலாத் தூள், தக்காளி, குடைமிளகாய், உலர்திராட்சை, மேலே தூவிய வறுத்த பாதாம், பக்கத்தில் வெள்ளைச் சோறு. இந்தியக் கடற்கரைகளில் வணிகம் செய்த கப்பல்களின் வழியாக இது அமெரிக்கத் துறைமுகங்களை அடைந்தது என்று சொல்லப்படுகிறது. பிலடெல்ஃபியாவின் எலைசா லெஸ்லி 1857இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே இதன் குறிப்பு இருக்கிறது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதே பெயரில் சமைக்கும் கோழியில் திராட்சையும் பாதாமும் பெரும்பாலும் கிடையாது. வெங்காயமும் மிளகாயும் மஞ்சளும்தான். ஒரே பெயரில் இரு கண்டங்களில் இரு கறிகள். இரண்டுக்கும் நடுவில் பிரிட்டிஷ் கப்பல். பிரிட்டனின் கறி மோகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அமெரிக்கக் கிளையை மறந்துவிடுவது பெரிய குறை.

கிரிட்ஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. மக்காச்சோளத்தை ரவையாக உடைத்துக் காய்ச்சும் இந்தக் கஞ்சியை, உணவகக் காலைத் தட்டில் வெறுமனே வைத்தால் விருந்தாளி இரண்டு கரண்டியோடு ஒதுக்கிவிடுவார். இறாலோடு கொடுக்க வேண்டும். கரோலினாக் கரையின் மீனவர் காலை உணவாக இருந்ததை, வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் க்ரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தில் பில் நீல் பாலாடைக்கட்டி, பன்றிக்கறித் துணுக்கு, காளான் சேர்த்து விருந்துச் சாப்பாடாக்கினார். 1985இல் கிரெய்க் கிளைபோர்ன் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி எழுதிய பின் நாடு முழுக்கப் பரவியது. கல் இயந்திரத்தில் அரைத்த ரவை என்றால் முக்கால் மணி நேரமாவது கிளற வேண்டும். ஐந்து நிமிடத்தில் வருவதை மறுத்துவிடலாம்.

பார்பிக்யூ என்ற பெயரில் பிரிட்டிஷ் பப்களில் இன்று கிடைப்பது பெரும்பாலும் இனிப்புச் சாஸில் ஊறிய பன்றிக்கறி நார். அதைத் தின்றவர் கிழக்கு வட கரோலினாவின் ஏடன் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அங்கே பீட் ஜோன்ஸ் 1947இல் திறந்த ஸ்கைலைட் இன், கூரைமேல் வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் குவிமாடம் போல ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறது. முழுப் பன்றியை இரவெல்லாம் விறகுக் கனலில் வாட்டுகிறார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒருவர் இரண்டு கைகளிலும் வெட்டுக்கத்தி பிடித்துப் பலகையில் கொத்திக்கொண்டே இருப்பார். கொத்து பரோட்டாக் கடைச் சத்தம்தான். மொரமொரப்பான தோலையும் சேர்த்தே கொத்தி, வினிகர், உப்பு, மிளகு, மிளகாய்ச் சாஸ் தெளிப்பார். இனிப்பு அறவே கிடையாது. காகிதத் தட்டில் கறி, அதன்மேல் தட்டையான சோள ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட். முதல் கவளத்தில் புளிப்பு, பிறகு கொழுப்பின் வழுவழுப்பு, நடுநடுவே தோல் நொறுங்கும் சத்தம்.

மற்ற ஊர்களின் பார்பிக்யூ சண்டைகளை விருந்தாளி தெரிந்துகொள்ளலாம், தீர்த்து வைக்கத் தேவையில்லை. தென் கரோலினாவில் கடுகுச் சாஸ். அலபாமாவின் டிகேட்டரில் மயோனைஸில் செய்த வெள்ளைச் சாஸ். கேன்சஸ் சிட்டியில் மாட்டு நெஞ்சுக்கறியின் கருகிய முனைகள். டெக்சாஸின் லாக்ஹார்ட்டில், ஜெர்மானியக் குடியேறிகளின் இறைச்சிக் கடை மரபில் வந்த க்ராய்ஸ் மார்க்கெட், நெடுங்காலம் சாஸும் கொடுக்காமல் முள்கரண்டியும் கொடுக்காமல், எடை போட்டுக் காகிதத்தில் கறியைச் சுற்றித் தந்தது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஏடன்தான். டெக்சாஸ் பாணி லண்டனுக்கு ஓரளவு வந்துவிட்டது, முழுப் பன்றி வரவில்லை.

லூசியானாவின் கதை பிரிட்டிஷ் விருந்தாளிக்கு இதமானதல்ல. அதனாலேயே சொல்லப்பட வேண்டும். 1755 முதல் பிரிட்டிஷ் படைகள் இன்றைய நோவா ஸ்கோஷியாப் பகுதியிலிருந்து பிரெஞ்சு மொழி பேசிய அக்கேடியர்களை வீடு வாசலோடு பெயர்த்து நாடு கடத்தின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிதறடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைய கேஜன் மக்கள் அவர்களுடைய வழிவந்தவர்களே. கம்போ என்ற குழம்பில் அந்த மண்ணில் கூடிய அனைவரும் இருக்கிறார்கள். மாவைக் கொழுப்பில் கருஞ்சிவப்பாகும் வரை வறுப்பது பிரெஞ்சு வழக்கம். குழம்பைக் கெட்டியாக்கும் வெண்டைக்காய் ஆப்பிரிக்கர் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாகச் சிலர் கடைசியில் தூவும் சசாஃப்ராஸ் இலைத்தூள் சாக்டா பழங்குடியினரிடமிருந்து வந்தது. மாவு வறுக்கும் வேலையில் கவனம் சற்றே பிசகினாலும் கருகிவிடும், முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

நியூ ஆர்லியன்ஸில் கம்போ சாப்பிடத் தக்க இடம் 1941 முதல் நடக்கும் டூக்கி சேஸ். அதன் தலைமைச் சமையல்காரர் லேயா சேஸ் 2019இல் மறைந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சட்டவிரோதமாக இருந்த நாட்களில், குடிமை உரிமைப் போராட்டக்காரர்கள் அவருடைய மாடியில் கூடித் திட்டமிட்டார்கள். அவர் கம்போ பரிமாறினார். பெரிய வியாழன் அன்று பல வகைக் கீரைகளைச் சேர்த்துச் செய்யும் பச்சைக் கம்போ அந்த வீட்டின் தனி அடையாளம். அதே நகரில் போ பாய் என்ற நீள ரொட்டியையும் விடக்கூடாது. 1929 டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாண்ட்விச் என்பது அதன் வரலாறு. பொரித்த சிப்பி வைத்தது முதல் தரம்.

பிரிட்டன் தொடர்பே இல்லாவிட்டாலும் பட்டியலில் இடம்பெற வேண்டியவை மூன்று.

ஒன்று, மேரிலாந்தின் நீல நண்டு. நண்டு தின்னப் பழகிய ஊர்க்காரருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த சதையை மட்டுமே கண்ட ஆங்கிலேயருக்கு இது புதிய உலகம். மேசையில் பழுப்புக் காகிதம் விரித்து, ஆவியில் வெந்த நண்டுகளைக் கொட்டி, ஆளுக்கொரு மரச்சுத்தியல் கொடுப்பார்கள். ஓடு முழுக்க அப்பியிருக்கும் ஓல்ட் பே மசாலாவை உருவாக்கியவர் குஸ்தாவ் பிரன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பால்டிமோர் வந்த யூத மசாலா வணிகர். குளிர்காலத்தில் அங்கு விற்பது வேறு மாநில நண்டாக இருக்கலாம். கோடையின் கடைசியே சரியான காலம்.

இரண்டு, நியூ மெக்சிகோவின் பச்சை மிளகாய். ஆகஸ்ட் இறுதி முதல் கடை வாசல்களில் கம்பி உருளைகளைச் சுழலவிட்டு நெருப்பில் சுடுவார்கள். தெரு முழுக்க அந்த மணம். தோலுரித்த சதைப்பற்றான மிளகாயே அங்கே காய்கறி, அதுவே குழம்பு. சிவப்பா, பச்சையா என்பது மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி. இரண்டும் வேண்டும் என்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொன்னால் போதும். வார இறுதிக்கு விண்டலூ என்ற காரக் கறியைத் தேடிப்போகும் பிரிட்டிஷ் நாக்கு இங்கே உடனே ஒட்டிக்கொள்ளும்.

மூன்று, மின்னசோட்டாவின் மனூமின். ஒஜிப்வே மக்கள் ஏரிகளில் தானாக விளையும் இந்த நீர்ப்புல் தானியத்தைப் படகிலிருந்தே அறுவடை செய்கிறார்கள். ஒருவர் கழி ஊன்றிப் படகைத் தள்ள, மற்றவர் ஒரு கோலால் கதிரை வளைத்து இன்னொரு கோலால் தட்டுவார். கோலின் நீளத்தையும் எடையையும்கூட மாநிலச் சட்டம் வரையறுத்திருக்கிறது. நீரில் சிந்தும் மணி அடுத்த ஆண்டின் விதை. பேரங்காடிகளில் ‘காட்டரிசி’ என்று கறுகறுவென்று மின்னுவது பெரும்பாலும் வயலில் பயிரிட்டு இயந்திரத்தில் அறுத்தது. விறகுத் தீயில் வறுத்த ஏரி மணி வெளிர்பழுப்பாக இருக்கும், விரைவில் வேகும், புகை மணக்கும். பழங்குடியினரிடமே நேரில் வாங்குவது நல்லது.

தவிர்க்கலாம் என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. ரூட் பியர் என்ற குளிர்பானத்தை அன்போடு நீட்டும் அமெரிக்கர்கள், விருந்தாளியின் முகம் சுளிப்பதைக் கண்டு புண்படுகிறார்கள். அதற்கு மணம் தரும் வின்டர்கிரீன் தைலம் பிரிட்டனில் வலிநிவாரணிக் களிம்புகளிலும் கிருமிநாசினிகளிலும்தான் அறிமுகம். அதைக் குடிக்கச் சொன்னால் உடம்பு மறுக்கிறது. தென்மாநிலங்களின் இனிப்பு ஐஸ் தேநீரும் தேநீர்ப் பற்றுள்ளவருக்கு முதல் நாளே வேண்டாம். மாறாக, மிருதுவான கோதுமை மாவில் மோர் ஊற்றிச் சுட்ட தென்னகத்து பிஸ்கட்டை வந்த அன்றே கொடுக்கலாம். ஸ்கோன் என்ற தங்கள் ஊர்ச் சிறுரொட்டியைத் தின்று வளர்ந்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஒரு வாரமே கையில் இருந்தால் நாடு முழுக்க அலைய வேண்டாம். ஏடனில் தொடங்கிச் சார்ல்ஸ்டன் வழியாகச் சவானா வரை காரிலும், அங்கிருந்து விமானத்தில் நியூ ஆர்லியன்ஸுக்கும் போனால் இங்கே சொன்னதில் முக்கியமானவை கிடைத்துவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஏற்றவை. வெயில் ஏறியிருக்காது, லூசியானாவில் கிராஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலின் பருவமும் அப்போதுதான். தென்னகத்தின் பழைய பார்பிக்யூக் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, மற்ற நாட்களிலும் கறி தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடும். காலை 11 மணிக்கே போய் வரிசையில் நிற்பது உத்தமம்.